நிலத்தில் ஓடிய நாவாய்

திருக்குறளில் 'இடனறிதல்' என்றோர் அதிகாரம் உண்டு. எத்துணை வலிமை உடையவனாயினும் தனக்குரிய இடத்தில் நின்றாலன்றி வெற்றி காண இயலாது என்பதை வள்ளுவர் அதில் பல உவமைகளால் விளக்குகிறார். நீரில் வெல்லும் முதலை கரைக்கு வந்தால் தோற்கும் என்கிறார். பெரிய தேர் கடலில் ஓடாது, கடலில் ஓடும் நாவாய் நிலத்தில் ஓடாது என்றும் கூறுகிறார். பள்ளியில் இக்குறளை மனப்பாடம் செய்த நாளில், இதனைச் சொல்ல ஒரு புலவர் வேண்டுமா என்று எண்ணிச் சிரித்தவன் நான். கடற்கரையில் பிறந்தவனுக்கு, மணலில் கிடக்கும் மரம் எத்துணைச் சுமை என்பதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஆனால் என் அறுபதாம் அகவையில், ஒரு படகை நிலத்தின் வழியே ஏறக்குறைய 900 கிலோமீட்டர் கொண்டு செல்லும் பொறுப்பு எனக்கு வாய்த்தது. அரபிக் கடற்கரையில் வாங்கிய படகு அது. பெங்களூர் வழியாக வங்கக் கடற்கரைக்குப் போய்ச் சேரவேண்டும். அது 2005ஆம் ஆண்டு மே மாதம். அந்தப் பயணத்தில் நான் கற்றுக்கொண்டதை இம்மலரில் எழுதுமாறு நண்பர்கள் பணித்தனர். எழுதத் தயங்கினேன். தயக்கத்தின் காரணம் கட்டுரையின் இறுதியில் வாசகர்களுக்கு விளங்கும்.

நாகப்பட்டினத்திற்கும் வேளாங்கண்ணிக்கும் இடையே உள்ள ஒரு சிறிய மீனவர் குப்பம் என் ஊர். எனக்குப் பன்னிரண்டு வயது நடக்கும்போதே தந்தையார் காலமானார். என்னைவிட ஐந்து ஆண்டு மூத்த அண்ணன் குடும்பத்தைத் தாங்கினார். அவர் கடலுக்குப் போனார்; நான் பள்ளிக்குப் போனேன். 1965இல், தொழிற்பயிற்சி முடித்திருந்த எனக்கு, பெங்களூரில் உள்ள வானூர்தி ஆலையில் பயிற்சியாளனாகச் சேர ஆணை வந்தது. வழிச்செலவுக்கும், இரண்டு நல்ல சட்டைக்கும், முதல் சில மாதங்களின் சாப்பாட்டுக்கும் பணம் வேண்டும். வீட்டில் விற்பதற்கு இருந்தது ஒன்றே. அண்ணன் தம் கட்டுமரத்தை விற்றார். விற்ற பணத்தை ஒரு துணியில் முடிந்து என் கையில் வைத்தபோது, "போய்ச் சேர்ந்ததும் கடிதம் போடு" என்பதற்கு மேல் அவர் ஒன்றும் சொல்லவில்லை. அதன் பிறகு ஏழு ஆண்டுகள் அவர் பிறர் மரத்தில் கூலிக்குப் போனார் என்பதை நான் அறிவேன். அந்த ஏழு ஆண்டுகள் என் நெஞ்சில் கடனாகவே கிடந்தன.

அக்காலத்தில் இம்மாநிலத்திற்கு மைசூர் என்றே பெயர். கர்நாடகம் என்ற பெயர் 1973இல்தான் வந்தது. 1940இல் தோன்றிய வானூர்தி ஆலை, 1948இல் தோன்றிய தொலைபேசி ஆலை, 1953இல் கடிகாரத்திற்கும் புகழ்பெற்ற எந்திரக் கருவி ஆலை, 1954இல் மின்னணுப் பொருள் ஆலை எனப் பொதுத்துறை ஆலைகள் ஒன்றன்பின் ஒன்றாக எழுந்து, நம்மைப் போன்ற எத்தனையோ குடும்பங்களை இந்நகருக்கு இழுத்துக்கொண்டன. நானும் அல்சூரில் ஒரு வாடகை அறையில் குடியேறி, அங்கேயே மணம் முடித்து, மக்களைப் பெற்று, பின்னர் சிறு வீடும் கட்டினேன். கடல்மட்டத்துக்கு மூவாயிரம் அடி உயரத்தில் என் வாழ்நாள் கழிந்தது. கடலை நான் கண்டதெல்லாம் ஆண்டுக்கொருமுறை ஊருக்குப் போகும்போதுதான்.

2004ஆம் ஆண்டு டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. சுமத்ராவுக்கு அருகே கடலடியில் நிகழ்ந்த நிலநடுக்கத்தால் எழுந்த பேரலை, காலையில் நம் கரையைத் தாக்கியது. நாகை மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்திற்கும் மேற்பட்டோர் மாண்டனர். அக்கரைப்பேட்டை, கீச்சாங்குப்பம் என்று செய்தித்தாளில் ஊர்ப்பெயர்கள் வரவர, அடுத்த பெயர் எதுவாக இருக்குமோ என்று நடுங்கிக்கொண்டிருந்தேன். மூன்றாம் நாள் ஊர் போய்ச் சேர்ந்தேன். அண்ணன் உயிரோடு இருந்தார். அண்ணியைக் கடல் கொண்டுபோயிற்று. பின்னாளில் அண்ணன் சிறுகச் சிறுகச் சேர்த்து வாங்கியிருந்த படகு, இரண்டாகப் பிளந்து ஒரு வீட்டுச் சுவரில் சாய்ந்து கிடந்தது. அண்ணன் கடலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். அப்படி அவர் உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை.

2005 மார்ச்சில் எனக்குப் பணி ஓய்வு. கைக்கு வந்த தொகையில் முதல் செலவு எதுவென்று எனக்கு ஐயமே எழவில்லை. அண்ணனுக்குத் தொலைபேசியில் சொன்னேன்.

"நான் உன்னிடம் படகு கேட்டேனா, தம்பி?" என்றார்.

"கேட்கவில்லை, அண்ணா. நான் தருகிறேன்."

"படகு வந்தால் கடல் வந்துவிடுமா?" என்று சொல்லித் தொலைபேசியை வைத்துவிட்டார்.

பத்து நாள் கழித்து அஞ்சலில் ஒரு சிறு பொட்டலம் வந்தது. பிரித்துப் பார்த்தால் நைலான் கயிறு ஒன்று சுருட்டி வைத்திருந்தது, கடிதம் ஏதுமில்லை. விரித்தேன். மொட்டைமாடியில் இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர்வரை நீண்டும் கயிறு முடியவில்லை. கயிற்றில் இடையிடையே முடிச்சுகள் இருந்தன. முதல் முடிச்சு படகின் ஆழம், இரண்டாவது அகலம், அடுத்தது எந்திரம் வைக்கும் இடம், கயிற்றின் கடைசி முனை மொத்த நீளம். அளந்தேன்: 28 அடி. என் மனைவி, "என்ன இது?" என்று கேட்டாள். "அண்ணன் சம்மதித்துவிட்டார்" என்றேன்.

படகு வாங்குவது எளிதாக இல்லை. அரசும் தொண்டு நிறுவனங்களும் ஒரே காலத்தில் ஆயிரக்கணக்கான பைபர் படகுகளுக்குச் சொல்லிவைத்திருந்தமையால் கிழக்குக் கடற்கரையில் இருந்த நல்ல படகுக் கூடங்களில் பல மாதம் காத்திருக்க வேண்டியிருந்தது. புதிது புதிதாக முளைத்த கூடங்கள் பல. அவற்றில் கட்டிய படகுகள் சில ஒரு பருவம்கூடத் தாங்காமல் வெடித்தன. ஆலையில் என்னோடு பணியாற்றிய உடுப்பி நண்பர் ஒருவர், மல்பே துறைமுகத்தருகே தமக்குத் தெரிந்த கூடம் ஒன்று இருப்பதாகச் சொன்னார். கயிற்றை எடுத்துக்கொண்டு மல்பேக்குப் போனேன்.

அக்கூடத்தின் பெரியவர் மொகவீரர் குலத்தவர். அவர்க்குத் துளுவும் கன்னடமும் தெரியும். எனக்குத் தமிழும், ஆலையில் நாற்பது ஆண்டு பழகிய கன்னடமும் தெரியும். பைபர் படகு அச்சில் வார்ப்பது. கண்ணாடி இழைப் பாயை அச்சின்மேல் விரித்து, பிசினைத் தடவி, அடுக்கின்மேல் அடுக்காக ஏற்றுவார்கள். ஆகவே அச்சு எந்த நீளமோ படகும் அந்த நீளந்தான். அவரிடம் 28 அடி அச்சு இருந்தது. அவர் கயிற்றை வாங்கி, ஒவ்வொரு முடிச்சாக விரலால் தடவிப் பார்த்தார். "இதைக் கட்டியவர் கடலுக்குப் போகிறவர்" என்றார். பிறகு, "உங்கள் ஊரில் துறைமுகம் உண்டா, மணலில் இழுப்பதா?" என்று கேட்டார். மணலில் இழுப்பது என்றேன். "அப்படியானால் அடிக்கட்டைக்கு இன்னும் இரண்டு அடுக்குப் போடவேண்டும், மணல் தின்றுவிடும்" என்றார். அந்த இரண்டு அடுக்குக்கு அவர் விலை வாங்கவில்லை. வானூர்தி ஆலையில் நுண்ணளவு பார்த்துப் பழகிய எனக்கு அந்த வினா தோன்றவேயில்லை என்பதை எண்ணி நாணினேன்.

படகு ஆயத்தமாயிற்று. இனி அதனைக் கொண்டு செல்ல வேண்டும்.

பெங்களூரில் லாரி பேசுவதென்றால் கலாசிப்பாளையத்திற்குத்தான் போகவேண்டும். முதலில் ஒரு தரகர், "படகா? அதற்கென்ன, மூட்டை மாதிரி ஏற்றிவிடலாம்" என்று சொல்லி முன்பணம் வாங்கிக்கொண்டார். நீளம் 28 அடி என்று கேட்டதும் வண்டி இல்லை என்றார், முன்பணமும் திரும்பவில்லை. அங்கிருந்து நாலைந்து புக்கிங் அலுவலகங்கள் ஏறி இறங்கியபின் எனக்கு விளங்கியது இது: படகின் எடை ஒரு டன்னுக்குள்தான், லாரிக்கு அது சுமையே அன்று. இடர் அதன் வடிவில் இருந்தது. பத்துச் சக்கர லாரியின் தட்டு 22 அடி. எஞ்சிய 6 அடியை எங்கே வைப்பது? பின்னால் நீட்டினால் வருகிற வண்டி மோதும். முன்னால் ஏற்றினால் ஓட்டுநர் அறைக்கு மேலே போகும்; உயரம் கூடும்; தாழ்ந்த ரயில் பாலமும், ஊர்ப்புறத்து மின்கம்பியும், புளியமரக் கிளையும் தடுக்கும்.

இறுதியில் நாமக்கல்லைச் சேர்ந்த ஓர் ஓட்டுநர் கிடைத்தார். மங்களூருக்குச் சரக்குக் கொண்டுபோய் வெறுவண்டியாகத் திரும்புகிறவர். அவர்கள் மொழியில் அதற்கு 'ரிட்டர்ன் லோடு' என்று பெயர். வாடகை சற்றுக் குறையும். 18,000 ரூபாய்க்குப் பேசி முடித்தேன். அவர் முப்பது வயது இளைஞர். நான் அச்சத்தோடு கேட்ட கேள்விகளுக்கெல்லாம், "போய்ச் சேர்த்துடலாமுங்க ஐயா" என்ற ஒரே விடையைச் சொன்னார்.

மல்பேயில் படகை ஏற்றிய விதத்தை இன்றும் மறக்கவில்லை. படகைத் தட்டின்மேல் நேரே வைத்துக் கயிற்றை இறுக்கினால் பைபர் உடல் நெளிந்துவிடும், விளிம்பு வெடிக்கும். ஆகவே அடியில் வைக்கோலும் பழைய டயர்களும் மணல் மூட்டைகளும் பரப்பி, படகின் வயிறு முழுவதும் தாங்குமாறு படுக்க வைத்தனர். கயிறு விளிம்பில் படும் இடங்களில் எல்லாம் கோணியை மடித்து வைத்தனர். முன்மூக்கு ஓட்டுநர் அறைக்கு மேலே மூன்றடி எட்டிப் பார்த்தது. பின்புறம் மூன்றடி நீண்டது. அதில் சிவப்புத் துணி கட்டி, இரவுக்குச் சிவப்பு விளக்கும் பொருத்தினர். (அவ்வாறு நீட்டிச் செல்வதற்கு எதிரான விதிகள் பின்னாளில் மிக இறுகிவிட்டன, இன்று செய்வோர் நீண்ட தட்டுள்ள வண்டியே பேசவேண்டும்.) எல்லாம் முடிந்தபின் பெரியவர் ஏறி, படகின் அடியில் நீர் வடியும் துளையின் அடைப்பைக் கழற்றி என் கையில் தந்தார். "வழியில் மழை பெய்தால் தண்ணீர் நிற்கக் கூடாது. நின்றால் ஒரு டன் இரண்டு டன் ஆகிவிடும். கடலில் இறக்குமுன் மறவாமல் மாட்டுங்கள்" என்றார். அவ்வடைப்பைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, ஊர்போய்ச் சேரும்வரை நூறு முறை தொட்டுப் பார்த்திருப்பேன்.

நாவாயை நிலத்தில் இழுத்தவர்கள் உலகில் முன்பும் இருந்தனர். பண்டைக் கிரேக்கர் கொரிந்து நகரருகே கல் பாவிய தடத்தில் கப்பல்களை இழுத்துச் சென்றனர். 1453இல் துருக்கிய வேந்தன் இரண்டாம் முகமது, கான்ஸ்டாண்டிநோபிளை முற்றுகையிட்டபோது, தன் கப்பல்களைக் குன்றின் மேலேற்றி மறுபுறத்து நீரில் இறக்கினான். அவர்களுக்கு ஆயிரக்கணக்கான ஆள்களும் எருதுகளும் இருந்தன. எங்களுக்கு ஓர் ஓட்டுநரும் ஒரு கிளீனரும் இருந்தார்கள்.

மங்களூரிலிருந்து பெங்களூர் வரும் சாலை, குண்டியா என்னும் இடத்தில் மலையடிவாரத்தை விட்டு ஏறத் தொடங்குகிறது. அதுதான் சிராடி மலைப்பாதை. தென்மேற்குப் பருவமழை ஜூன் தொடக்கத்தில் வந்துவிடும். வந்தபின் அப்பாதை குண்டும் குழியும் சேறுமாகிவிடும். ஆகையால்தான் மே மாதமே போய்வர முனைந்தேன். ஆயினும் கோடைமழை எங்களைப் பிடித்துக்கொண்டது. ஒவ்வொரு வளைவிலும் படகின் மூக்கு பாறையை உரசுமோ என்று கிளீனர் கீழே இறங்கி, வண்டிக்கு முன்னே நடந்து கை காட்டினான். சக்லேஷ்பூரை அடைந்தபோது விடிந்துகொண்டிருந்தது. இறங்கிப் பின்புறம் போய்ப் பார்த்தேன். படகின் துளை வழியே மழைநீர் ஒரு விரல் பருமனில் ஒழுகிக்கொண்டிருந்தது. மல்பேப் பெரியவரை மனத்துள் வணங்கினேன்.

ஹாசன், குனிகல் கடந்து நெலமங்கலம் வந்தோம். பகலில் கனரக வண்டிகள் நகருக்குள் நுழையக்கூடாது. ஆதலால் இரவு பத்தரை மணிவரை சாலையோரம் காத்திருந்து, பிறகு நகருக்குள் வந்தோம். சற்றுச் சுற்றுவழியானாலும் அல்சூர் வழியாகப் போகலாம் என்று ஓட்டுநரிடம் வேண்டினேன். வீட்டார் ஒருமுறை பார்க்கவேண்டும் என்பது என் ஆசை.

ஏரிக்கரையில் வண்டி நின்றது. என் மனைவியும் மக்களும் மட்டுமன்றி, தெருவே திரண்டு வந்திருந்தது. எதிர்வீட்டுக் கன்னட அம்மையார் மஞ்சளும் குங்குமமும் கொண்டுவந்து, எட்டாத மூக்கில் பூசுவதற்காக என் மகனை வண்டிமேல் ஏறச் சொன்னார். பிறகு தேங்காய் உடைத்தார். அவ்வண்டி தமிழ்நாட்டுப் பதிவெண் கொண்டது. 1991 டிசம்பரில், காவிரி நடுவர் மன்றத்தின் இடைக்கால ஆணையை ஒட்டிக் கலவரம் மூண்டபோது, நம் மக்கள் பட்ட பாட்டை நேரில் கண்டவன் நான். 2016 செப்டம்பரிலும் அப்பதிவெண்ணைப் பார்த்தே வண்டிகள் எரிந்தன. அந்த 1991இல் எங்கள் குடும்பத்தைத் தம் வீட்டுப் பின்னறையில் மூன்று நாள் வைத்துக் காத்தவர் இந்த அம்மையார்தான். அவர் தேங்காய் உடைத்த ஒலி ஏரிக்கரையில் கேட்டது.

அதே ஏரியின் அருகில்தான், நம் சங்கத்திற்கு அண்மையில், 1991இல் நிறுவிய வள்ளுவர் சிலை திறப்பு விழாக் காணாமல் மூடியபடி நின்றுகொண்டிருந்தது. நாவாய் நிலத்தில் ஓடாது என்று சொன்னவர் போர்வைக்குள் இருக்க, எங்கள் நாவாய் அவர் எதிரே லாரியில் ஓடியது. பதினெட்டு ஆண்டு காத்திருந்து 2009 ஆகஸ்டு 9ஆம் நாள் அச்சிலை திறக்கப்பட்டதையும், நான்கு நாள் கழித்துச் சென்னை அயனாவரத்தில் கன்னடப் புலவர் சர்வக்ஞரின் சிலை திறக்கப்பட்டதையும் வாசகர்கள் அறிவர். திறப்பு விழாக் கூட்டத்தில் நின்றபோது எனக்கு அந்த இரவும் அந்தத் தேங்காய் ஒலியுமே நினைவுக்கு வந்தன.

ஓசூர்ச் சாலையில் மாநில எல்லையைத் தொட்டபோது நள்ளிரவு கடந்துவிட்டது. அக்காலத்தில் எல்லையில் விற்பனை வரிச் சோதனை உண்டு. 2017 ஜூலை முதல் சரக்கு, சேவை வரி வந்ததும், 2018 ஏப்ரல் முதல் மாநிலம் விட்டு மாநிலம் போகும் சரக்குக்கு மின்வழிச் சீட்டு வந்ததும் பின்னைய கதை. அன்று பட்டியல் ரசீதும், வாகனச் சான்றுகளும், காப்பீட்டுத் தாளும் கையில் ஒரு கட்டாக வைத்திருந்தேன். அலுவலர் தூக்கக் கலக்கத்தோடு வெளியே வந்து பார்த்தார். "பெங்களூரிலிருந்து படகா?" என்று வியந்தார். விவரம் சொன்னேன். நாகப்பட்டினம் என்ற சொல்லைக் கேட்டதும் அவர் மேற்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை. தாள்களில் முத்திரையிட்டு, "பார்த்துப் போங்கள்" என்றார்.

கிருஷ்ணகிரி, தருமபுரி கடந்து, தொப்பூர்ச் சரிவில் வண்டி ஊர்ந்து இறங்கியது. நாமக்கல்லில் ஓட்டுநரின் ஊர்க்காரர்கள் படகைச் சூழ்ந்துகொண்டனர். லாரிக்குக் கூடு கட்டும் தொழிலில் பேர்பெற்ற ஊர் அது. தச்சர் ஒருவர் தாமே ஏறிப் பார்த்து, தளர்ந்திருந்த ஒரு முட்டுக்கட்டையை மாற்றி அடித்தார், கூலி கேட்கவில்லை. மாலையில் முசிறி வழியாகத் திருச்சிக்கு வந்து காவிரிப் பாலத்தின்மேல் ஏறினோம். மேட்டூர் அணையை ஜூன் 12இல் திறப்பது மரபு. மே மாதக் காவிரியில் நீர் ஏது? பாலத்துக்குக் கீழே மணல் பரந்து கிடந்தது. இரு மாநிலத்தாரும் எந்த நீருக்காகப் பகைத்துக்கொண்டார்களோ அந்த நீரில்லாத ஆற்றின் மேலே, இரு மாநிலத்தாரும் சேர்ந்து கட்டி ஏற்றிய படகு சென்றது.

தஞ்சைக்கும் திருவாரூருக்கும் அப்பால் சாலை குறுகியது. தாழ்ந்த மின்கம்பிகளை ஒரு கவட்டுக் கழியால் தூக்கிப் பிடித்துக்கொண்டு கிளீனர் படகுக்குள்ளேயே நின்று வந்தான். மறுநாள் விடியற்காலையில் ஊர் எல்லையை அடைந்தோம். அதற்குமேல் மணல், வண்டி போகாது. செய்தி போய், ஆடவர் நாற்பது பேர் வந்தனர். கழிகளைக் குறுக்கே கட்டித் தோள்கொடுத்து, ஓசையிட்டுக்கொண்டே படகைக் கரைக்குக் கொண்டு சென்றார்கள்.

அண்ணன் வந்தார். என்னைப் பார்க்கவில்லை, படகைப் பார்த்தார். விரல் முட்டியால் அதன் விலாவை ஆங்காங்கே தட்டி ஒலியைக் கேட்டார். குனிந்து அடிக்கட்டையைத் தடவி, "இங்கே கனமாகப் போட்டிருக்கிறார்கள். யார் சொன்னது?" என்றார். கட்டியவரே போட்டார் என்றேன். "நல்ல மனிதர்" என்றார். சட்டைப்பையிலிருந்து அடைப்பை எடுத்து அவர் கையில் கொடுத்தேன். நாற்பது ஆண்டுக் கடன் அத்துடன் தீர்ந்தது என்று எனக்குள் ஒரு நிறைவு.

அன்று மாலை ஊர்ப் பஞ்சாயத்தார் கூடினர். எங்கள் கரையில், வெளியிலிருந்து வரும் எதுவும் பஞ்சாயத்தார் அறியவே வரவேண்டும். படகு யார் பெயரில் என்று கேட்டனர். நான் அண்ணன் பெயரைச் சொல்ல வாயெடுத்தேன். அண்ணன் என்னை அமர்த்திவிட்டு, நான்கு பெயர்களைச் சொன்னார்: தம் பெயர், தம்மோடு இளமையில் கடலுக்குப் போன முதியவர் ஒருவர் பெயர், மறைந்துபோன மற்றொரு தோழரின் மகன் பெயர், பேரலையில் மாண்ட மூன்றாம் தோழரின் மனைவி பெயர். நால்வருக்கும் சமபங்கு.

எனக்கு மனம் சுருங்கிவிட்டது. கூட்டம் கலைந்தபின் கேட்டேன்: "அண்ணா, நான் உங்களுக்கென்றுதானே கொண்டுவந்தேன்? என் கடனை நான் அடைக்க வேண்டாமா?"

அண்ணன் நெடுநேரம் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார். அன்றுதான் அவர் மீண்டும் கடலை நேராகப் பார்த்தார்.

"அன்று நான் விற்றது எவ்வளவு பெரிய மரம் தெரியுமா? நான்கு பேர் ஏறுகிற மரம். மரம் என்னுடையது, பிழைப்பு நான்கு பேருடையது. விற்கலாமா என்று அவர்களைக் கேட்டேன். 'பிள்ளை படிக்கப் போகட்டும்' என்று மூவரும் சொன்னார்கள். நான் ஏழு வருடம் கூலிக்குப் போனேன். அவர்களும்தான் போனார்கள். உன்னிடம் சொல்லவேண்டாம் என்றார்கள். சொன்னால் போகமாட்டாய் என்றார்கள்."

என்னால் பேச முடியவில்லை. அம்மூவரையும் நான் மாமா என்றே அழைத்து வளர்ந்தவன். ஆண்டுக்கொருமுறை ஊருக்குப் போகும்போது அண்ணனுக்கு வேட்டியும் அண்ணிக்குச் சேலையும் எடுத்துச் செல்வேன். அவர்கள் வீட்டு வாசலில் நின்று நலம் விசாரித்துவிட்டு வந்துவிடுவேன். இருவர் இறந்தே போனார்கள். ஒருநாளாவது, ஒரு சொல்லாலாவது, அவர்கள் தமக்குரியதைக் கேட்டதில்லை.

இக்கட்டுரையை எழுதத் தயங்கியது இதனால்தான். ஊரை விட்டுப் பிழைக்க வந்த நாம் நம்மை அனுப்பியவர் யாரென்று எண்ணும்போது, தாயையோ தந்தையையோ உடன்பிறந்தாரையோ எண்ணுகிறோம். அவர்களுக்குப் பணம் அனுப்புகிறோம். வீடு கட்டித் தருகிறோம். கடன் தீர்ந்தது என்று அமைதியும் அடைகிறோம். நமக்காகக் கரையில் நின்றுவிட்டவர்கள் வேறு எத்தனை பேர் என்று நாம் கேட்பதில்லை, அவர்களும் சொல்வதில்லை. வாசகர்களில் இன்னும் ஊரில் பெரியவர்கள் உள்ளவர்கள், அடுத்தமுறை போகும்போது கேளுங்கள். கேட்க வேண்டியவர்கள் இருக்கும்போதே கேளுங்கள். எனக்கு நாற்பது ஆண்டு பிந்திவிட்டது.

வள்ளுவர் சொன்னதில் இப்போது நான் சிரிப்பதற்கு ஒன்றுமில்லை. நாவாய் தானாக நிலத்தில் ஓடாது. பலர் தாங்கினால்தான் ஓடும். கயிற்றில் முடிச்சிட்டவரும், விலையின்றி இரண்டு அடுக்குப் போட்டவரும், மழையில் முன்னே நடந்தவனும், தேங்காய் உடைத்தவரும், முட்டுக்கட்டை மாற்றியவரும், தோள்கொடுத்த நாற்பது பேரும் தாங்கியதால் அது ஓடியது. அவ்வாறே 1965இல் நான்கு பேர் தாங்கியதால் ஒருவன் மூவாயிரம் அடி உயரம் ஏறி வந்தான்.

மூன்றாம் நாள் விடியலில் படகு கடலில் இறங்கியது. அடைப்பை மாட்டியவர் அண்ணன். அவரும் அந்த முதியவரும் தோழரின் மகனும் ஏறினர். நான்காவது இடம் காலியாக இருந்தது. பேரலையில் மாண்டவர் இருக்கவேண்டிய இடம். அண்ணன் என்னைத் திரும்பிப் பார்த்து, "ஏறு, தம்பி" என்றார். நாற்பது ஆண்டு கழித்து, நீந்தவும் மறந்துபோன நான், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நீரில் இறங்கினேன்.